மருதாணி இல்லாமல் சிவந்த கை

அக்காவின் உள்ளங்கை சிவந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்துவிட்டு, "எனக்கு வைக்காம நீ மட்டும் மருதாணி வச்சுக்கிட்டியாக்கும்" என்று சண்டைக்குப் போனவளும் நான்தான். அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கட்டி வச்சேன்? மருதாணி அரைக்க எனக்கு ஏது நேரம்?" என்றாள். நாங்கள் மருதாணி வைத்தால் உள்ளங்கை நடுவில் வட்டமாக வைப்போம். அக்கா கையில் நடு வெளுத்திருந்தது. விரல் நுனிகளும் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையும் ரத்தமாகச் சிவந்திருந்தன. எல்லாம் தலைகீழாக இருந்தது. எனக்கு ஏனோ அந்தக் கையைத் தொடப் பிடிக்கவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எண்பத்து மூன்றில் நான் ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் எனக்குச் சிரித்துக் காட்டிய ஒரே முகம் அவளுடையது. வன்னியம்பட்டிக்காரி, அப்போதே ஒரு சின்னப் பையனுக்கு அம்மா. நாலு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு, "எனக்குச் சும்மா உக்காந்தா கை அரிக்கும்ட்டி" என்பாள். பிற்பாடு அவளுக்கு நிஜமாகவே உடம்பெல்லாம் அரித்தது.

எங்களது பேண்டேஜ் துணி நெய்கிற வீடு. பின்கட்டில் ஒரு கொட்டகை, அதில் நாலு பவர்லூம் தறி. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப்போட அங்கிருந்துதான் வெள்ளைத் துணி போனது. ஆம்பிளைகள் தறியைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் அக்காவும் குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுப்போம். அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். விடிந்தால் ஆரம்பிக்கிற தறிச் சத்தம் காதுக்குள்ளேயே குடியிருக்கும். கரண்ட் போனால் நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் தெருவே வாயடைத்துப் போனது மாதிரி இருக்கும். வந்த புதிதில் அந்த அமைதிக்குப் பயந்துகொண்டு நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்காரரின் அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். பட்டாளத்தில் ஆஸ்பத்திரிப் பிரிவில் இருந்தவர். எல்லைப் பக்கம் லாரி கவிழ்ந்து தொடை முறிந்து, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைத்து, பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வரும்போது ஒரு இரும்புப் பெட்டியும், அதற்குள் ஒரு கண்ணாடி ஊசியும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கும் தெருவுக்கும் தெம்பு ஊசி போடுவார். சிவப்பு மருந்து. போட்டுக்கொண்டால் உடம்பில் ரத்தம் ஊறும், சோர்வு போகும் என்று பேச்சு. தறி ஓட்டுகிற ஆம்பிளைகள் கிடாவெட்டுப் பந்திக்கு வருகிற மாதிரி வரிசையில் நிற்பார்கள்.

ஊசியைக் காலையில் ஒரே ஒரு தடவை கொதிக்கவைப்பார். ஆளுக்கு ஆள் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? அடுத்தடுத்த ஆளுக்கு ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை, அவ்வளவுதான். கொதித்து இறக்கியதும் முதல் குத்து தனக்கே. "என் ஊசி சுத்தம்னு நீங்க நம்பணும்ல" என்பார். யோக்கியமான மனிதர், பொய் சொல்லத் தெரியாது. அடுத்து அவர் தம்பி, என் வீட்டுக்காரர். இவருக்கு ஊசி என்றால் கிலி. பாதி ஞாயிறு தறிக்கு அடியில் ஒளிந்துகொள்வார். அதற்கப்புறம் தெரு ஆம்பிளைகள். அவர்கள் எல்லாம் முடிந்து பொம்பிளைகள். பந்தியில் எப்படியோ அப்படித்தான் ஊசியிலும். எங்கள் முறை வரும்போது முனை மழுங்கியிருக்கும். தோலுக்குள் இறங்கும்போது ஒரு கீச் சத்தம் கேட்கும்.

அத்தை, அதாவது எங்கள் மாமியார், ஊசிப் பக்கமே வரமாட்டாள். "எருமைக்குப் போடுறதை எனக்குப் போடாதிய" என்று கொல்லைக்குப் போய்விடுவாள். பெண்களில் நான் கடைசிக்கு முந்தி. கடைசி ஆள் எப்போதும் அக்காதான். அவள்தான் பஞ்சு நனைத்துக் கொடுப்பவள், எல்லாருக்கும் கொடுத்து முடித்தால்தானே அவள் கையை நீட்ட முடியும்? "கடைசிப் பந்திக்குத்தான்ட்டி ரசம் கெட்டியா இருக்கும்" என்று சிரிப்பாள். ஐந்தாறு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் ஊசி கடைக்கு வந்தது. கண்ணாடி ஊசி பெட்டிக்குள் போனது. எல்லாரும் அதை மறந்துபோனோம்.

தொண்ணூற்று நாலில் பெரியத்தானுக்குக் கண் மஞ்சளானது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. வீடே அவர் கட்டிலைச் சுற்றி நின்றது. முன்ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே கட்டிலைப் போட்டோம். கீழாநெல்லி, இளநீர், உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் கொடுத்துப் பார்த்து, பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வாரம் அவர் ஒருமாதிரி ஆகியிருந்தார். பகலெல்லாம் தூங்கினார். எழுந்தால் சட்டையைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் மடித்து வைத்தார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு, காக்கா சிறகடிக்கிற மாதிரி உதறியது. மதுரை டாக்டர் தெளிவாகச் சொன்னாராம்: ஈரல் சுருங்கிவிட்டது, அது கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறுகிறது, அதனால்தான் கையும் புத்தியும் தடுமாறுகிறது என்று. இனிப்பாக ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். குடித்தால் வயிறு போகும், வயிறு போனால் புத்தி தெளியும். அப்படியே தெளிந்தது.

பட்டாளத்துச் சரக்கு குடித்தவர், ஈரல் போனது. அதோடு கதை முடிந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் தோண்டவில்லை. அக்கா அவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள், கால் பிடித்தாள், மலம் அள்ளினாள். ஊரெல்லாம் அவளை மெச்சியது.

சரியாக இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு அசதி வந்தது. தார் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்தபடி தூங்கினாள். சொறிந்து சொறிந்து கையெல்லாம் கோடு. நெஞ்சுப் பக்கம் செக்கச் செவேலென்று குட்டிச் சிலந்தி கால் விரித்த மாதிரி நாலைந்து புள்ளி. "உடம்புக்கு முடியல அத்தை, செத்த நேரம் படுத்துக்கிடவா?" என்று அவள் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அத்தை, "நாப்பது வயசுல எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். நானெல்லாம் படுத்தேனா?" என்றாள். அக்கா எழுந்து போய்ச் சோறு வடித்தாள். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் படுத்தால் அவள் வேலையும் என் தலையில் விழும் என்று நினைத்தேன். சிறுபுத்தி, வேறென்ன சொல்ல?

முதல் பயம் ஒரு மத்தியானத்தில் வந்தது. கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டது. அக்காவைக் காணவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் குச்சி குச்சியாக விழுந்துகொண்டிருந்தது, பஞ்சுத் தூசி அதில் மிதந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். நெய்த துணியை அறுத்து, கொட்டகைத் தூணுக்குச் சுற்றிச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுகிற மாதிரியே அழகாக, மடிப்புக் கலையாமல்.

"என்னக்கா பண்ற?"

"அடிபட்டிருக்குட்டி. ரத்தம் நிக்க மாட்டேங்குது, பாரு."

அடியாத்தி! நான் அந்தத் தூணைப் பார்த்தேன். மரத்தூண்தான். அவளைத் தூக்கி நிறுத்தப் பக்கத்தில் போனபோதுதான் அந்த வாசனையைப் பிடித்தேன். அவள் மூச்சில் ஒரு தித்திப்பு வாசனை. பூ வாடி, பழம் அழுகி, இரண்டும் கலந்தது மாதிரி. நான் சொன்னதும் தெருப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போன சித்திரையில் எல்லாரும் செண்பகத்தோப்புக்குப் போய் ஓடையில் குளித்தோமே, உச்சி வேளையில் இவள் மட்டும் தலையை விரித்துப்போட்டு நின்றாளே, அங்கே இருந்த எதுவோ இவள் பின்னாலேயே வந்துவிட்டது. அது செண்பக வாசனை! எனக்கும் அப்படித்தான் பட்டது. படிக்காதவள் இல்லை நான், பத்தாவது பாஸ். இருந்தும் பட்டது.

கூமாப்பட்டியிலிருந்து கோடாங்கி வந்தார். உடுக்கடித்து, வேப்பங்குழையால் அவளை அடித்தார். அக்கா அடியை வாங்கிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "கையை நீட்டும்மா" என்று அவர் திருநீறு வைக்கப் போனார். அக்கா கையை நீட்டினாள். மருதாணி வைக்காமல் சிவந்த கை மணிக்கட்டில் உதறியது. அடங்கியது. மறுபடி உதறியது. கோடாங்கி குழையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பேய் இல்ல தாயி. அம்மனே வந்திருக்கா!" பெண்கள் குலவை போட்டார்கள். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நானும் விழுந்து கும்பிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா தார் சுற்றவில்லை. சோறு வடிக்கவில்லை. பூசை அறையில் புதுப்பாய் விரித்துப் படுக்கவைத்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் பெண்கள் வாக்குக் கேட்க வந்தார்கள். அக்கா பாதி நேரம் கண் செருகிக் கிடப்பாள், திடீரென்று எதையாவது சொல்வாள். கிணறு தோண்டாதே என்பாள், சிவப்புச் சேலையை எரி என்பாள். அவரவர் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு இரண்டு ஆள் வேலையும் சேர்ந்து இடுப்பு ஒடிந்தது. எரிச்சலாக இருக்கும். சாமி மேல் எரிச்சல்படலாமா என்று பயந்து அதையும் விழுங்கிக்கொள்வேன்.

எனக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு நானும் போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். "தாயி, எனக்குப் பிள்ளை தங்குமா?" என்று கேட்டேன். கூட வேலை செய்தவளைத் தாயி என்று கூப்பிட வாய் கூசவில்லை. அவள் அந்தச் சிவந்த கையை என் வயிற்றில் வைத்தாள். கை தணல் மாதிரி சுட்டது.

"உன் உடம்புக்குள்ள இருக்குறது பிள்ளை இல்லட்டி," என்றாள். "என் ரத்தம்."

எழுந்து அடுப்படிக்கு ஓடிவந்துவிட்டேன். இரண்டு நாள் பூசை அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பெரியத்தானுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கக் கையை நீட்டினார். முந்தின இரண்டு நாளும் அவருக்கு மருந்து தவறியிருந்தது. டம்ளரைப் பிடிக்கப்போன கை மணிக்கட்டில் உதறியது. அடங்கியது. மறுபடி உதறியது.

எனக்கு அங்கேயே மண்டையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அதே உதறல். பகல் தூக்கம் அதே. அரிசிப் பானையில் சட்டை மடித்தவரும் தூணுக்குக் கட்டுப்போட்டவளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவருக்கு வந்தால் ஈரல், இவளுக்கு வந்தால் அம்மனா? நேரே அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் ஆம்பளை. குடிச்சான், ஈரல் போச்சு," என்றாள் அத்தை. "இவ எதைக் குடிச்சா? வெளிய போயி இப்படிச் சொல்லிராத. ஊர் என்ன நினைக்கும்? சாமி குத்தம் வேற."

பெரியத்தான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர், "எம்புட்டுச் சொன்னாலும் அம்மா கேக்காது. நீ பேசாம இரேன்" என்றார். பேசாமல் இருந்தேன். ஆனால் பெரியத்தானின் பாட்டிலில் இருந்து அன்று சாயந்திரமே மூன்று மூடி மருந்தைத் திருடினேன். தீர்த்தம் என்று சொல்லி அக்காவுக்குக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். வயிறு போனது. சுத்தம் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் பூசை அறைக்குள் போனபோது அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பழைய அக்கா.

"ஏட்டி, ஏன் இப்படி எளைச்சுப்போன?" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அக்கா, உனக்குச் சாமியும் இல்ல, பூதமும் இல்ல. சீக்கு. பெரியத்தானுக்கு வந்த அதே சீக்கு. வா, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாட்ட போவோம்." எனக்கு இரண்டு தடவை கரு கலைந்தபோதும் பார்த்த டாக்டரம்மா அவர். அக்கா பதறவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி," என்றாள். "பாதி நேரம் என்ன பேசுறேன்னு தெரியாது, நிசந்தான். மீதி நேரம் தெரியும். முடியலன்னு ஒரு வருசமாச் சொன்னேன், எந்திரிச்சு வேலையப் பாருன்னாக. சாமின்னதும் பாய் விரிச்சுப் படுக்க விடுறாக. சீக்குன்னு சொன்னா என்னைத் திரும்பத் தார் சுத்த உக்கார வச்சிருவாகட்டி. என்னால ஏலாது. அந்த மருந்தை இனிமே கொடுக்காத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? செத்துப்போவ!" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். "வர்ற வெள்ளிக்கு ஆளுக சொல்லிவச்சு வாராக. அது கழியட்டும். திங்கக்கிழமை உன்கூட வாரேன், சத்தியமா" என்று என் கையில் அடித்தாள். நானும் ஒத்துக்கொண்டேன். நாலைந்து நாள்தானே, அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவள் சொன்னபடி மருந்தையும் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூசை அறை கொள்ளாத கூட்டம். மத்தியானம் சாம்பிராணிப் புகை, வேர்வை, அந்தத் தித்திப்பு வாசனை எல்லாம் சேர்ந்து எனக்கே தலை சுற்றியது. அக்கா மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அத்தனை பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா ஏதோ சொல்லப்போகிற மாதிரி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ரத்தம் வந்தது. துப்பலாக இல்லை, சொம்பு சொம்பாக வந்தது. மஞ்சள் சேலை மடியில் குளம் கட்டி நின்றது.

ஒரு பொம்பிளையாவது அலறுவாள் என்று நினைத்தேன். குலவை போட்டார்கள். "அம்மன் உதிரம் கக்குறாடீ!" என்று ஒருத்தி கத்தினாள். கற்பூரத் தட்டை நீட்டினார்கள். ஒரு கிழவி தன் பேத்தி நெற்றியில் வைக்க அந்த ரத்தத்தில் விரலைத் தொட்டாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "ஆட்டோவைக் கூப்பிடுங்க! சாகக் கெடக்கா, ஆட்டோவைக் கூப்பிடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் குலவைக்குள் போய் முங்கிவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் புத்தி தெளிவாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கட்டிலை விட்டு இறங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவளைத் தூக்கியவர் பெரியத்தான். மதுரைக்கு என்றுதான் கார் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்ட முடியவில்லை. டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இறக்கினோம். மறுநாள் மத்தியானம் வரை உயிர் இருந்தது. டாக்டரம்மா அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், நெஞ்சிலிருந்த சிலந்திப் புள்ளிகளைப் பார்த்தார். "இந்தக் கை எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "ஒரு வருசமா இந்தக் கையை யாருமே பார்க்கலையா?" என்றார். பார்த்தோம் டாக்டர், விழுந்து விழுந்து கும்பிட்டோம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

அவள் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பியிருந்தார். காரியம் முடிந்த பிறகு ரிப்போர்ட் வந்தது. ஹெபடைடிஸ் சி. புதிதாகப் பெயர் வைத்த ஒரு கிருமி, ரத்தத்தில்தான் பரவுமாம். வருஷக்கணக்கில் சத்தம் காட்டாமல் ஈரலுக்குள் உட்கார்ந்திருக்குமாம். குடிக்கிற ஆம்பிளைக்கு வேகமாகத் தின்னும், பொம்பிளைக்குப் பொதுவாக மெதுவாகத் தின்னும் என்றார். "ஆனா மெதுவா வர்றதை யாரும் கவனிக்கறதில்ல" என்றும் சொன்னார். வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினார்களா, ஒரே ஊசியைப் பல பேருக்குப் போட்டார்களா என்று கேட்டார். பெரியத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஊசி போட்டுக்கொண்ட எல்லாரும் சோதனை செய்யவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். ஆம்பிளைகள் வேன் பிடித்து மதுரைக்குப் போனார்கள். "நானும் வாரேன்" என்றேன். "உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க. எல்லாரும் போனா வீட்டை யார் பாக்குறது?" என்றாள் அத்தை. பெரியத்தானுக்கு இருந்தது. தறிக்கு அடியில் ஒளிந்த புண்ணியம், என் வீட்டுக்காரருக்கு இல்லை. தெருவில் எந்தப் பொம்பிளையையும் யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்கு யார் நினைப்பில் இடம்?

ஒருநாள் தாய்வீட்டுக்கு என்று பொய் சொல்லி, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ரத்தம் எடுத்த ஆள் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுக்காரரைத் தவிர..." என்று இழுத்தார். என் வீட்டுக்காரரிடம் மதுரையில், "குடிப்பீங்களா?" என்று மட்டும்தான் கேட்டார்களாம். "கண்ணாடி ஊசி போட்ட ஆள் தவிர வேற எவனும் என்னைத் தொடல, எழுதிக்கிடுங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கும் இருந்தது. 'என் ரத்தம்' என்று அவள் சொன்னபோது என் வயிற்றில் பட்ட சூடு, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அதே இடத்தில் திரும்ப வந்தது. புடவைக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

"ஈரல் இன்னும் கெடல. இப்ப இதுக்குன்னு ஊசி வந்திருக்கு. வாரம் மூணு, மாசக்கணக்கில போடணும். ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சலடிக்கும், உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், முடி கொட்டும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நீ படுத்துத்தான் ஆகணும். வீட்ல படுக்க விடுவாங்களா?"

ரிப்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துப் பல மாதம் ஓட்டினேன்.

அக்கா சுமங்கலியாகப் போனவள். அப்படிப் போனவளை எங்கள் பக்கம் வீட்டுச் சாமியாக்கிக் கும்பிடுவோம். ஒரு பெட்டியில் அவளுக்குப் புதுச்சேலை வைத்து, வருஷா வருஷம் படையல் போடுவோம். வருஷத் திதியன்று பட்டாளத்தில் சேர்ந்திருந்த அவள் மகனும் லீவில் வந்திருந்தான். வடை, பாயசம், ஏழு கறி. பெரிய தலைவாழை இலையில் எல்லாவற்றையும் முதலில் அவளுக்குப் பரிமாறினோம். இத்தனை வருஷம் எல்லாரும் தின்று மிஞ்சியதைத் தின்றவளுக்குச் செத்த பிறகு முதல் இலை.

கற்பூரத் தட்டை என்னிடம் கொடுத்தார்கள். தூக்கினேன். உள்ளே இருந்த பயமும் ஆத்திரமும் சேர்ந்து என் கை நடுங்கியது. தட்டு டணடணவென்று ஆடியது. கரண்ட் போன வேளை வேறு. பின்னால் ஒருத்தி மெல்ல, "அவதான் வந்துட்டா. ஓரகத்தி மேல இறங்கிட்டா" என்றாள். குலவை கிளம்பியது. அத்தை என் காலில் விழக் குனிந்தாள்.

ஒரு நிமிஷம், நான் நிஜத்தைச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. கண்ணைச் செருகினால் போதும். நாளைக்கே பூசை அறையில் எனக்குப் பாய் விரித்துவிடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாகக் காய்ச்சலில் கிடக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பாதி புத்தி தெளிந்த நேரத்தில் அக்கா இங்கேதான் உட்கார்ந்து யோசித்திருப்பாள்.

கற்பூரத்தை ஊதி அணைத்தேன். கும்பிடுகிற கற்பூரத்தை யாரும் ஊதமாட்டார்கள். குலவை அறுந்து நின்றது.

"எந்திரிங்க அத்தை. எனக்குச் சாமி வரல. சீக்கு வந்திருக்கு. அக்காவுக்கு வந்தது, பெரியத்தானுக்கு இருக்கிறது. நாளையில இருந்து ஊசி போடப் போறேன். மாசக்கணக்கில படுத்துக் கெடப்பேன். என்னால பொங்க முடியாது, தார் சுத்த முடியாது. பொறவு யாரும் சொல்லலைன்னு சொல்லாதிய."

சொல்லிவிட்டு, கால் தாங்காமல் அக்காவுக்குப் போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தின்றேன். யாரோ ஐயையோ என்றார்கள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

பெரியத்தான் மட்டும் எழுந்தார். முன்ஹாலுக்குப் போய், ஃபேனுக்குக் கீழே கிடந்த தன் கட்டிலில் இருந்த தலையணையையும் போர்வையையும் எடுத்துத் தரையில் போட்டார். அக்கா மகனைப் பார்த்து, "ஏலே, உள்ள இருந்து புது விரிப்பு எடுத்து இந்தக் கட்டில்ல விரி. உன் சித்திக்கு" என்றார்.

நான் கை கழுவிவிட்டு வந்து அதில் படுத்தேன். தறி ஓடவில்லை. கொட்டகைத் தூணில் அக்கா சுற்றின கட்டை யாரும் அவிழ்த்திருக்கவில்லை, கட்டிலில் இருந்து பார்த்தால் திறந்திருந்த பின்வாசல் வழியாக அது நேராகத் தெரிந்தது. செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. தறிச் சத்தம் கிளம்பியதும் வழக்கம்போல எழுந்திருக்க உடம்பு தானாகத் துடித்தது. எழுந்திருக்கவில்லை.